கருவாட்டு வீட்டுக் கால்கள்

உடைக்குளத்தில் கருவாட்டு வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டிவிடும். அந்த வீட்டு அடுப்பில் கருவாடு ஏறி ஐம்பது வருஷம் ஆகிறது என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒருவருக்குப் பட்டம் கட்டும்போது ஊருக்கு இருக்கிற சுறுசுறுப்பு, அது சரியா என்று விசாரிக்கும்போது இருப்பதில்லை. சாயல்குடிக்கு வடக்கே உடைமரங்களுக்கு நடுவில் கிடக்கிற உடைக்குளம் மட்டும் இதில் விதிவிலக்காகிவிடுமா என்ன!

பட்டத்துக்குக் காரணம் தங்கசாமி. அவர் ஒரு பங்குனிப் பொங்கலுக்குக் காளியம்மன் கோயிலில் காப்புக் கட்டிப் பூக்குழி இறங்கினார். கூட இறங்கியவர்கள் எல்லாம் கரையேறி வெற்றிலை போட்டுக்கொண்டிருக்க, தங்கசாமிக்கு மட்டும் உள்ளங்கால் இரண்டும் பணியாரமாக உப்பிவிட்டன. விரதம் சுத்தமாக இருந்தால் கால் கொப்புளிக்காது என்பது உடைக்குளத்துச் சட்டம். அப்படியென்றால் மனுஷன் விரதத்தில் எதையோ தின்றிருக்க வேண்டும். எதைத் தின்றிருப்பார் என்று ஊர் கூடி யோசித்து, கருவாடு என்று முடிவு செய்தது. ஏன் கருவாடு, கோழியாக இருக்கக்கூடாதா என்று கேட்க அன்றைக்கு ஓர் ஆள் இல்லை.

தங்கசாமி மாசக்கணக்கில் கட்டிலோடு கிடந்தார். புண் ஆறிய பிறகும் கோயில் பக்கம் போகவில்லை. "நான் திங்கலடா" என்று மகன் கூத்தையாவிடம் சொல்லிச் சொல்லியே ஒருநாள் செத்தும் போனார். கூத்தையா அதை முழுசாக நம்பவும் இல்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அவருக்கும் சித்திரை வெயிலில் மிளகாய்க் கொல்லைக்கு நடந்து போய் வந்தால் கால் கொப்புளித்தது. புதுச் செருப்புப் போட்டால் கொப்புளித்தது. மண்வெட்டி பிடித்தால் கையும் சேர்ந்துகொண்டது. அய்யா செய்த பாவம் பிள்ளை காலில் இறங்கியிருக்கிறது என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். அதற்குப் பின் அந்த வீட்டு வாசலைக் கருவாடு மிதிக்கவில்லை.

இதில் பாவம் யார் என்றால் கூத்தையாவின் மனைவி உலகம்மாள்தான். வாலிநோக்கத்தில் பிறந்து, கல்யாணம் ஆகும் வரை உப்பளத்தில் வேலை பார்த்து, சீலாக் கருவாட்டை விறகில் சுட்டுக் கஞ்சியோடு தின்று வளர்ந்தவள். கருவாட்டு வீடு என்று கேள்விப்பட்டு நாக்கு ஊறிக்கொண்டு வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு, வந்த அன்றைக்கே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். அவள் அந்த ஏமாற்றத்தை இன்னும் மறக்கவில்லை. கோபம் வரும்போதெல்லாம் புருஷனிடம் எடுத்துச் சொல்லுவாள்.

இவர்களுக்கு ஒரே மகள் நாகலெட்சுமி. ஹைதராபாத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலி வளர்க்கிறாள். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "எலியப் பிடிக்க நாம ஆளத் தேடுறோம். கூத்தையாண்ணே மக எலி வளக்கப் படிச்சிருக்கு" என்று டீக்கடை செல்லச்சாமி வருகிற போகிறவர்களிடம் சொல்லுவான். அந்தக் கருவாட்டுப் பட்டத்தை முதலில் வைத்ததே அவன் அப்பன்தான். தொழில் பரம்பரையாக வந்திருந்தது.

நாகலெட்சுமிக்கும் பரம்பரையாக ஒன்று வந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் என்றால் அவளுக்கு வயிற்று வலி வந்துவிடும். காலணிக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு மெத்து மெத்தென்று நடப்பாள். அந்த நடையை நடித்துக் காட்டாத பிள்ளை வகுப்பில் இல்லை. பின்னாளில் ஆராய்ச்சிக்கு எந்த எலியை எடுத்துக்கொள்கிறாய் என்று பேராசிரியர் கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. அங்கே ஒரு கூண்டில், மரபணுவை மாற்றியதால் பாதமெல்லாம் கொப்புளத்தோடு பிறந்த எலிகள் இருந்தன.

மேல்தோலின் அடிவரிசையில் உள்ள செல்களுக்குள் நார்கள் உண்டு. கட்டடத்துக்குக் கம்பி எப்படியோ, செல்லுக்கு அந்த நார். அதைச் செய்யச் சொல்லும் மரபணுவில் ஓர் எழுத்துப் பிசகினால் நார்கள் சுருண்டு உருண்டைகட்டிப் போகும். பிறகு லேசாக உரசினாலும், சூடு பட்டாலும் அந்த அடிவரிசை கிழிந்து, கிழிந்த இடத்தில் நீர் கோத்துக்கொள்ளும். நாகலெட்சுமி முதல் தடவை அந்த எலித்தோலை நுண்ணோக்கியில் பார்த்தபோது, மேலடுக்குகள் எல்லாம் சமர்த்தாக இருக்க, அடிவரிசை மட்டும் பிய்ந்து நடுவில் வெறும் வெள்ளையாக ஓர் இடைவெளி தெரிந்தது. அது அவளுடைய குதிகால். அய்யாவின் உள்ளங்கை. தங்கசாமி தாத்தாவின் பூக்குழி. பிற்பாடு தன் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில் அதே மரபணுவில் அதே மாதிரிப் பிசகு இருந்தது.

காரணம் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில்தான் அவள் ஒரு தப்புச் செய்தாள். தீபாவளிக்கு வந்தபோது ஓர் எலிப் பாதத்தின் படத்தைக் கொண்டுவந்து கூத்தையாவிடம் காட்டினாள்.

"அய்யா, இந்தா பாருங்க. இதுக்கும் நம்ம வீட்டுக் கொப்புளந்தான்."

கூத்தையா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அட பாவமே. இதுக்கு எப்படித்தா வந்துச்சு?"

"நாங்கதான்யா வர வச்சோம்!"

பெருமையாகச் சொன்னாள். கூத்தையா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பலகாரத் தட்டை அன்றைக்கு அவர் தொடவில்லை. செரிக்கவில்லை போலும் என்று நாகலெட்சுமி நினைத்துக்கொண்டாள். எலித்தோலை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவளுக்கு அய்யாவின் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை.

பங்குனியில் உலகம்மாளிடமிருந்து போன் வந்தது.

"ஒங்கய்யா காப்புக் கட்டிட்டாரு. பூக்குழி எறங்கப் போறாராம்."

"எதுக்கும்மா?"

"எலிக்கு."

மேற்கொண்டு கேட்டதில் விவரம் வந்தது. தங்கசாமி செய்த பாவம் மகன் காலுக்கு வந்தது, பேத்தி காலுக்கும் வந்தது, அது குடும்பத்தோடு போயிருக்கலாம். இப்போது மகள் அதை எடுத்துக்கொண்டு போய், யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாத எலிகளுக்குக் கொடுத்திருக்கிறாள். எலி யாருடைய வாகனம்? பிள்ளையார் சும்மா விடுவாரா? அதனால் கூத்தையா மூலைப் பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டு, அவர் தாயாரிடமே போய்விடுவது நல்லது என்று காளியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்.

நாகலெட்சுமி அன்றைக்கே ரயிலேறினாள். வழியெல்லாம் அவள் கண்ணுக்குள் அந்த நுண்ணோக்கிப் படமே நின்றது. செருப்பு உரசினாலே கிழிகிற தோல். அதைக் கொண்டுபோய் நெருப்பில் வைக்கப் போகிறார். வயசும் அறுபதைத் தாண்டிவிட்டது. தாத்தா மாதிரிக் கட்டிலில் கிடந்தால் எழுந்திருப்பாரா என்பதே சந்தேகம்.

வீட்டில் கூத்தையா மஞ்சள் வேட்டியும் கையில் மஞ்சள் கயிறுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பின்னால் சுவர் உப்புப் பூத்து, பூச்சு அங்கங்கே உப்பிக்கொண்டிருந்தது. நாகலெட்சுமிக்கு அதுவே போதுமாக இருந்தது. ஒரு வீக்கத்தில் விரலை வைத்து அழுத்தினாள். பொலபொலவென்று உதிர்ந்தது.

"பாத்தீங்களாய்யா? மேப்பூச்சு நல்லாத்தான் இருக்கு. சுவரப் பிடிச்சிருக்கிற அடிப்பூச்சுதான் விட்டுப்போச்சு. நம்ம தோலும் இப்படித்தான். இது பாவமும் இல்ல, கருவாடும் இல்ல."

கூத்தையா சுவரைப் பார்த்தார். "அதுக்கு எதுக்குத்தா இருக்கிற பூச்சையும் உதுத்து விடுறவ? சரி, இதுக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சா?"

"இல்லய்யா. எப்படிக் கிழியுதுன்னுதான் பாத்துக்கிட்டு இருக்கோம்."

"கிழியிறதப் பாக்குறதுக்கா ஐதராபாத்து? இங்கனயே இருந்து என் காலப் பாத்திருக்கலாமே."

நாகலெட்சுமிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "இத்தன தெரிஞ்சுமா எறங்கப் போறீங்க? கண்டிப்பாக் கொப்புளிக்கும்யா."

"கொப்புளிக்கட்டும்." அவர் குரல் இறங்கிவிட்டது. "எலிக்காகத்தான்னு ஒங்கம்மாகிட்டச் சொன்னேன். அதுமட்டும் இல்லத்தா. நான் ஒருவேளச் சோத்தோட சுத்தமா வெரதம் இருக்கேன். அப்படியும் கொப்புளிச்சா, எங்கய்யாவும் சுத்தமாத்தான் இருந்தாருன்னு எனக்குத் தெரிஞ்சிரும்ல? சாகுறதுக்குள்ள அது எனக்குத் தெரியணும்."

நாகலெட்சுமி இவ்வளவு வருஷமும் அய்யா ஊர்ப் பேச்சுக்குத்தான் கூனிக்குறுகுகிறார் என்று நினைத்திருந்தாள். அவரை அரித்தது அதுவல்ல, தன் அய்யாவை நம்பாமல் போனது.

அடுப்படியிலிருந்து உலகம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியும். ஊருக்கு? 'அப்பனும் கருவாடு தின்னான், மகனும் கருவாடு தின்னான்'னு செல்லச்சாமி மைக்குல சொல்லுவான். அதையும் யோசிச்சீங்களா?"

கூத்தையா அதை யோசிக்கவில்லை. யோசித்த பிறகும் காப்பைக் கழற்ற மறுத்துவிட்டார்.

சாயங்காலம் தாயும் மகளும் வீரையா பூசாரியைப் பார்க்கப் போனார்கள். போகிற வழியில் நாகலெட்சுமி, "நானே மைக்கில சொல்லிடுறேம்மா. இது தலைமுறையா வர்ற தோல் வியாதின்னு எல்லாருக்கும் தெரிஞ்சுட்டா யாரும் பேச மாட்டாங்க" என்றாள்.

உலகம்மாள் நின்றுவிட்டாள். "கருவாடு தின்ன குடும்பம்னா சிரிச்சுட்டுப் போவாங்க. வியாதிக் குடும்பம்னா நம்ம வீட்டுல தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க. எனக்குக் கருவாடே போதும்."

"அப்ப அய்யாவ எப்படித்தான் தடுக்கிறது?"

உலகம்மாள் மறுபடி நடக்கத் தொடங்கினாள். கொஞ்ச தூரம் போனதும் வேறெதையோ கேட்டாள். "ஏத்தா, எலிக்கு நோவு இதனாலதான் வருதுன்னு எப்படிச் சரியாச் சொல்லுறீக?"

"பக்கத்துக் கூண்டுல நோவு இல்லாத எலியும் வளப்போம். ஒரே தீனி, ஒரே தண்ணி. எல்லாம் ஒண்ணுபோல இருக்கணும், ஒண்ணே ஒண்ணு மட்டும் மாறணும். அப்பத்தான் எதனால எது வருதுன்னு தெரியும்."

"ஒண்ணே ஒண்ணுதான் மாறணுமாக்கும்" என்று உலகம்மாள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

வீரையா பூசாரி நல்ல மனுஷன், ஆனால் காது கொடுத்துக் கேட்பதற்கு முன்னாலேயே முடியாது என்று சொல்லிவிடுவார். அதைப் பொறுத்துக்கொண்டால் பிறகு வழி சொல்லுவார். இப்போதும் கட்டின காப்பை அவிழ்க்க முடியாது என்றார். நாகலெட்சுமி அழாத குறையாக நின்றதைப் பார்த்து, "வீட்டுக்கு ஒரு காலு எறங்குனாப் போதும்த்தா. ஒங்கய்யனுக்குப் பதிலா அந்த வீட்டு ஆளு யாரும் காப்புக் கட்டி எறங்கலாம். மூணாம் நாளு வரைக்கும் கட்டலாம். இன்னிக்குத்தான் மூணு" என்றார்.

"அப்ப நான் கட்டிக்கிறேன் பெரியப்பா."

"ஒன் காலும் அதே காலுதான?" என்றாள் உலகம்மாள். பிறகு பூசாரியிடம் மணிக்கட்டை நீட்டினாள். "எனக்குக் கட்டுங்க மச்சான். நானும் அந்த வீட்டு ஆளுதான். இம்புட்டு வருசமா ஒருத்தரும் கண்டுக்கிறல, அம்புட்டுத்தான்."

நாகலெட்சுமிக்கு வெட்கமாகப் போய்விட்டது. நோவு இல்லாத எலி பக்கத்துக் கூண்டில் இருக்க வேண்டும் என்று இப்போதுதானே பாடம் நடத்தினாள்! தன் வீட்டிலேயே ஒருத்தி இருப்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. உலகம்மாளின் உள்ளங்கால் உப்பளத்தில் ஊறி, மிளகாய்க் கொல்லையில் காய்ந்தது. முள் குத்தினால் முள்தான் முறியும்.

கூத்தையா சம்மதிக்க மறுத்தார், கத்தினார், சாப்பாட்டை ஒதுக்கினார். "பூசாரி சொல்லிட்டாரு" என்பதற்கு மேல் உலகம்மாள் எதுவும் பேசவில்லை. கடைசியில், ஆத்தா காரியத்தில் பூசாரி சொல்லைத் தட்டக்கூடாது என்று அவரே அடங்கிப்போனார். விரதத்தை மட்டும் விடவில்லை. ஒரே வீட்டில் இரண்டு மஞ்சள் கயிறுகள். உலகம்மாள் இடையில் ஒருநாள், அக்காளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வாலிநோக்கத்துக்கு பஸ் ஏறிப்போய் இருட்டுவதற்குள் திரும்பி வந்தாள்.

பூக்குழி அன்றைக்குக் கூத்தையாவின் முகத்தில் ரத்தமே இல்லை. குழியின் ஓரத்தில் மகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உடைமர விறகு எரிந்து தணலாகிக் கனகனவென்று கிடந்தது. மேளம் காதைக் கிழித்தது. சாமி வந்து ஆடுகிறவர்கள் ஆடினார்கள், குலவையிடுகிறவர்கள் குலவையிட்டார்கள். செல்லச்சாமி மைக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவர் பெயரையெல்லாம் அறிவித்தான். "அடுத்ததாக, கருவாட்டு வீட்டு..." என்று ஆரம்பித்து, பூசாரி முறைத்த முறைப்பில், "கூத்தையாண்ணே வீட்டு உலகம்மா மதினி" என்று திருத்திக்கொண்டான்.

உலகம்மாளுக்குச் சாமியெல்லாம் வரவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரேஷன் கடையில் சீனி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டவளைப் போல விறுவிறுவென்று நடந்து, அந்தப் பக்கம் இருந்த பால் குழியில் காலை நனைத்துவிட்டு ஏறினாள். கூத்தையா கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை.

உடைக்குளத்தில் கரையேறியவர்களின் கால் பார்க்கிற வழக்கம் உண்டு. அந்த உத்தியோகமும் செல்லச்சாமியுடையதுதான். அவன் குனிந்து உலகம்மாளின் ஒரு காலைப் பார்த்தான். இன்னொரு காலைப் பார்த்தான். திரும்ப முதல் காலைப் பார்த்தான். பரம்பரைத் தொழிலில் மண் விழுந்தது அவன் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, மைக்கை எடுத்து நியாயமாகத்தான் பேசினான். "காலு சுத்தம்! வெரதம் சுத்தம்! இன்னியிலயிருந்து அந்த வீட்ட யாரும் கருவாட்டு வீடுன்னு சொல்லப்படாது!"

கூட்டம் குலவையிட்டது. கூத்தையா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் உலகம்மாளை உட்காரவைத்து, சொம்புத் தண்ணீரைத் தானே ஊற்றிக் காலைக் கழுவினார். அந்த வீட்டில் இதுவரை நடக்காத காரியம். டார்ச் விளக்கைக் கிட்டத்தில் பிடித்து விரல் விரலாகப் பார்த்தார்.

"ஒண்ணுமே இல்ல புள்ள. ஒரு பொட்டுக் கொப்புளம் இல்ல. எம்புட்டுச் சுத்தமா இருந்திருக்க!"

உலகம்மாள் காலை இழுத்துக்கொண்டாள். "நேத்து மத்தியானம் நான் கருவாடு தின்னேன்."

டார்ச் கீழே விழுந்தது.

"சீலாக் கருவாடு. எங்கக்கா வீட்டுல இருந்து கொண்டாந்தது. நீங்க கோயிலுக்குப் போயிருந்தப்ப கொல்லையில போய்ச் சுட்டேன்."

"காப்போடயா?" என்றார் கூத்தையா.

"காப்போடதான். காப்பு இல்லாமத் தின்னா அது வெறும் சோறு. எல்லாம் ஒண்ணுபோல இருக்கணும், ஒண்ணே ஒண்ணு மட்டும் மாறணும்னு ஒங்க மகதான சொன்னா? அங்கன எறங்குன அத்தன பேரும் திங்காம எறங்குனாங்க. நான் ஒருத்திதான் தின்னுட்டு எறங்குனேன். ஆத்தாகிட்டச் சொல்லிட்டுத்தான் தின்னேன். அவளும் பொம்பளதான, அவளுக்குப் புரியும். இப்பச் சொல்லுங்க, கருவாடு தின்னா காலு கொப்புளிக்குமா?"

கூத்தையா அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு கோணியது.

"அப்ப எங்கய்யா திங்கல" என்றார்.

ஆராய்ச்சி படித்தவளுக்கு அதில் ஒரு பிழை தெரிந்தது. கருவாட்டால் கொப்புளிக்காது என்றுதான் இதிலிருந்து சொல்லலாம். தாத்தா தின்றாரா இல்லையா என்று சொல்ல முடியாது. தவிர, ஒரே ஓர் ஆளை வைத்துச் செய்த சோதனையை எந்தப் பேராசிரியரும் மதிக்க மாட்டார். நாகலெட்சுமி வாயைத் திறக்கப் போனாள். உலகம்மாள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

"சொல்லிச் சொல்லிச் செத்தாரே புள்ள. நான் அவர நம்பலையே" என்று கூத்தையா வாய்விட்டு அழுதார். உலகம்மாள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நாகலெட்சுமியும் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"மிச்சம் இருக்கா?"

மறுநாள் காலையில் பூசாரி காப்பு அவிழ்த்துவிட்டார். நாகலெட்சுமி ஹைதராபாத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். எலிகளுக்குப் பூசிவிடச் சொல்லி அய்யா கொடுத்த திருநீற்றுப் பொட்டலம் பையில் இருந்தது. கை கழுவி, தலைக்கு உறை மாட்டி, வெளித்தூசி ஒன்று ஒட்டாமல் நுழைய வேண்டிய இடத்துக்கு அதை எப்படிக் கொண்டுபோவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் மறுக்க மனசு வரவில்லை.

அடுப்பில் சீலாக் கருவாடு பொரிந்து, வாசம் தெருவையே தூக்கியது. பால் வாங்கப் போன செல்லச்சாமி வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினான்.

"என்ன மதினி, கருவாட்டு வாசம் தூக்குது?"

உலகம்மாள் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து கூத்தையாவின் குரல் வந்தது. அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை.

"ஏலே செல்லச்சாமி, கருவாட்டு வீட்டுல வேற என்ன வாசம்லே வரும்? வா, வந்து ஒரு துண்டு தின்னுட்டுப் போ!"